சால்வையில் தொங்கும் சாட்சி

காஷ்மீரத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 21ஆம் நாள் 'சில்லை கலான்' எனப்படும் பெருங்குளிர் தொடங்குகிறது. 40 நாட்கள் அதன் ஆட்சி. அது விடைபெற்றதும் 20 நாட்களுக்குச் 'சில்லை குர்த்' என்னும் சிறு குளிர். அதனையும் அடுத்து 10 நாட்களுக்குச் 'சில்லை பச்சா' என்னும் குழந்தைக் குளிர். பெரியது, சிறியது, குழந்தை என்று குளிருக்கே குடும்பம் வகுத்துப் பெயரிட்டு வைத்திருக்கும் மக்கள் அவர்கள். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து போகும் அந்நாட்களில் ஆணும் பெண்ணும் 'ஃபெரன்' என்னும் நீண்ட தொளதொளத்த அங்கியை அணிந்து, அதனுள்ளே 'காங்கிரி' என்னும் கணப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு நடமாடுவர். மண்சட்டியில் தணல், அதனைச் சுற்றிப் பிரம்பு போன்ற மெல்லிய கொம்புகளால் பின்னிய கூடை.

ஸ்ரீநகரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லால் சௌக்கை நோக்கிச் செல்லும் சாலையோரமெங்கும் கடைகள் விரிந்துவிடும். கம்பளிக் குல்லாய், கையுறை, காலுறை, ஸ்வெட்டர், மஃப்ளர், போர்வை, பிறர் உடுத்துக் கழித்த மேலங்கி யாவும் அங்கே மலைபோல் குவிந்து கிடக்கும். ஏழை எளியோர் தம் பிள்ளைகளுக்குக் குளிர்காப்பு தேடி வருவது அங்கேதான். நம் பக்கத்து மக்களுக்கு ஸ்வெட்டர் என்பது உதகைக்குச் சுற்றுலா செல்லும்போது வாங்கும் பொருள். அவர்களுக்கோ அது அரிசியைப் போன்ற அத்தியாவசியம்.

அரிசியை வாங்குகிறவர் உள்ளங்கையில் நாலு மணியை எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறார். மாம்பழத்தை முகர்ந்து பார்க்கிறார். மீனின் செவுளைத் திறந்து பார்க்கிறார். கம்பளியில் எதனைப் பார்ப்பது? வண்ணம் கண்ணுக்குத் தெரிகிறது. மென்மை கைக்குத் தெரிகிறது. கதகதப்பு மட்டும் தெரிவதில்லை. அது வீட்டிற்குப் போய், இரவு வந்து, குளிர் இறங்கிய பிறகே தெரியும். அப்போது விற்றவர் கடையைக் கட்டிக்கொண்டு போயிருப்பார்.

ஆகவேதான் குளிர்காலப் பொருட்களின் வாணிபத்தில் அந்த இரண்டங்குல அட்டைக்கு, விலைச்சீட்டுக்கு, வேறெந்தப் பண்டத்தின் சீட்டுக்கும் இல்லாத பொறுப்பு வந்து சேர்கிறது. அது எவ்வளவு என்று மட்டும் சொன்னால் போதாது. என்னவென்றும் சொல்லியாக வேண்டும். பொருள் ஊமை. அதன் சார்பில் பேசும் சாட்சி அச்சீட்டே. அந்தச் சாட்சி பொய் சொன்னாலோ, பாதி மட்டும் சொல்லி நிறுத்தினாலோ நட்டப்படுகிறவர் வாங்குபவர் மட்டுமல்லர் என்பதே நான் இங்கே சொல்ல வந்த செய்தி.

பஸ்ராவில் ஒரு கடை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா' நூலில் வாணிப ஒழுக்கங்களைப் பேசும் இடத்தில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார்கள். பஸ்ரா நகரில் யூனுஸ் பின் உபைத் (ரஹ்) என்னும் பெரியார் துணிக்கடை வைத்திருந்தார்கள். அவர்களது கடையில் சில உடுப்புகள் 400 திர்ஹம். சில 200 திர்ஹம். பெரியார் அவர்கள் தம் சகோதரரின் மகனைக் கடையில் அமர்த்திவிட்டுத் தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் வந்து 400 திர்ஹமில் ஓர் உடுப்புக் கேட்டார். இளைஞரோ 200 திர்ஹம் உடுப்பை எடுத்துக் காட்டினார். வந்தவருக்கு அது பிடித்துப் போயிற்று. 400 திர்ஹத்தைக் கொடுத்துவிட்டு உடுப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார்.

வழியில் பெரியார் அவர்கள் எதிர்ப்பட்டார்கள். தம் கடைச் சரக்கைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு என்ன விலைக்கு வாங்கினீர் என்று விசாரித்தார்கள். 400 என்றதும், இது 200க்கு மேல் பெறாது, திரும்பி வந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் என்றார்கள். அந்த அரபியோ, எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்கு மனநிறைவே என்று மறுத்தார். பெரியார் அவர்கள் விடவில்லை. கையோடு அழைத்துச் சென்று 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்த பின், தம் சகோதரர் மகனைக் கடிந்துகொண்டார்கள்.

இந்நிகழ்ச்சியைப் பயான்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வியாபாரியின் பேணுதலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லுவார்கள், அது சரியே. எனினும் வேறொரு கோணத்திலும் இதனைப் பார்க்கலாம். இரு விலைச் சரக்குகள் ஒரே கடையில் இருந்தன. பார்வைக்கு வேறுபாடு தெரியவில்லை. வாங்கியவருக்கு விவரம் சொல்ல அவற்றின்மீது எதுவும் இல்லை. விலை முழுவதும் கடைக்காரரின் நாவில் இருந்தது. பெரியாரின் நாவில் இருந்தவரை அது பத்திரமாக இருந்தது. அவர்கள் தொழுகைக்குச் சென்றதும் வேறு நாவுக்கு மாறியது. ஒவ்வோர் உடுப்பிலும் ஒரு சீட்டுத் தொங்கியிருக்குமாயின் அந்த இளைஞருக்குச் சறுக்கிவிழ இடமே இருந்திராது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலினுள்ளே கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட ஹதீஸையும் நாம் அறிவோம். உள்ளே இருப்பதனை மேலே கொண்டுவருவது! கம்பளித் துணியைப் பொறுத்தவரை அதனைச் செய்யக் கூடியது ஒரு துண்டு அட்டைதான்.

சீட்டு வந்த கதை

ஒரே விலை என்னும் வழக்கம் உலகில் வெகு பழையதன்று. ஜப்பானில் மிட்சுய் தகதோஷி என்பவர் 1673இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், 'எச்சிகோயா' என்ற துணிக்கடையைத் திறந்தார். அதுவரை பட்டுத்துணி வியாபாரிகள் செல்வர் வீடுகளுக்கு மூட்டையைச் சுமந்து சென்று, ஆளைப் பார்த்து விலை சொல்லிக் கடனுக்கு விற்று வந்தனர். மிட்சுயோ ரொக்கம், ஒரே விலை என்ற இரண்டையும் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் அதே நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தலைமையிலான குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், கூட்டிச் சொல்லிக் குறைத்துக் கொடுப்பது பொய்யாகும் என்று கருதி முதற்சொல்லிலேயே விலையை முடித்தனர். முதலில் வாடிக்கை குறைந்தது. பிறகு, சிறு பிள்ளையை அனுப்பினாலும் இக்கடைகளில் ஏமாற்றமாட்டார்கள் என்ற பெயர் பரவி வியாபாரம் பெருகியது. பாரிஸில் 1852 முதல் பூசிக்கோ என்பவர் நடத்திய 'பான் மார்ஷே' அங்காடியிலும், பிலடெல்பியாவில் ஜான் வனமேக்கர் 1876இல் பழைய இரயில் கிடங்கொன்றில் திறந்த பேரங்காடியிலும் பொருளில் விலையை எழுதிக் காட்டுவது நிலைபெற்றது.

நம் நாட்டில் பொட்டலப் பொருள்களின்மீது 'அதிகபட்ச சில்லறை விலை'யை எல்லா வரிகளும் உட்பட அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் வந்தது. இப்போது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அதனை ஆள்கிறது. அது உச்ச வரம்பே அன்றி விற்றே தீரவேண்டிய விலையன்று. பெரும்பாலோர் இதனை மறந்துவிடுகின்றனர், கடைக்காரர்கள் நினைவூட்டுவதுமில்லை.

வயிற்றில் அடித்த முத்திரை

சால்வையின்மீது அடையாளமிடும் வழக்கம் காஷ்மீரத்துக்குப் புதிதன்று. ஆனால் அந்தப் பழைய அடையாளத்தின் கதை கண்ணீர்க் கதை. 18ஆம் நூற்றாண்டில் ஆப்கானியர் ஆட்சிக் காலத்தில், ஹாஜி கரீம் தாத் கான் என்னும் ஆளுநரின் நாளில், 'தாக் ஷால்' என்றொரு துறை ஏற்படுத்தப்பட்டது. தாக் என்றால் முத்திரை. நெய்த ஒவ்வொரு சால்வையும் அத்துறையின் முத்திரையைப் பெற்றாக வேண்டும். பெறுவதற்கு வரி கட்டியாக வேண்டும். அடுத்து வந்த சீக்கியர் ஆட்சியும், அதனையடுத்து வந்த டோக்ரா மன்னராட்சியும் இதனைக் கைவிடவில்லை. வரி ஏறிக்கொண்டே போயிற்று. நெசவாளர் தம் உழைப்பின் பெரும்பகுதியை முத்திரைக்கே கொடுத்துவிட்டு மீதத்தில் அரைவயிற்றுக் கஞ்சி குடித்தனர். தொழிலை விட்டு விலகவும் விடவில்லை. பள்ளத்தாக்கை விட்டு வெளியேறவும் விடவில்லை.

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் ஸால்டகர் மைதானத்தில் சால்வை நெசவாளர் திரண்டனர். முத்திரைத் துறை அதிகாரியின் உருவத்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிச் சென்று முறையிட்டனர். படையினர் பாய்ந்தனர். தப்பியோட முயன்றவர்கள் கால்வாயில் விழுந்தனர். 28 உயிர்கள் மடிந்தன. தொழிலாளர் போராட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் சிகாகோ நகரத்தைச் சொல்லத் தொடங்குகின்றனர். சிகாகோவில் இரத்தம் சிந்தியது 1886இல். ஸால்டகரில் அதற்கு 21 ஆண்டுகள் முன்பு.

பஞ்சத்துக்கும் வரிக்கும் அஞ்சிப் பள்ளத்தாக்கை விட்டு நழுவிய நெசவாளர் பலர் அமிர்தசரஸிலும் லூதியானாவிலும் குடியேறினர். இன்று நாடெங்கும் கம்பளி உடுப்புகளை அனுப்பிவைக்கும் லூதியானாவுக்கு அத்தொழிலின் முதல் விதையைத் தூவியவர்களுள் 1830களின் பஞ்சத்தில் சென்ற காஷ்மீர் நெசவாளரும் இருந்தனர். உதகையில் திபெத்திய மக்கள் நடத்தும் கடைகளில் நாம் வாங்கும் ஸ்வெட்டர்களிலும் பல லூதியானாவிலிருந்து வருபவையே. அதனை அணியும் நம் பிள்ளைக்கு இந்த வரலாறு தெரிய நியாயமில்லை. சொல்லி வைப்போம்.

ஒரு முடிச்சு ஒரு ரூபாய்

தாக் முத்திரை நெசவாளர் வயிற்றில் அடித்தது. இன்றைய சீட்டு ஒருத்தியின் வயிற்றைக் காக்கவும் வல்லது, கெடுக்கவும் வல்லது. எங்ஙனம்?

லடாக்கின் சாங்தாங் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து 14,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அங்கே சாங்பா எனப்படும் நாடோடி மக்கள் வெள்ளாடு மேய்க்கின்றனர். கடுங்குளிரைத் தாங்குவதற்காக அவ்வாட்டின் மேல்மயிருக்கு அடியில் மிக மெல்லிய பஞ்சு போன்ற உரோமம் வளர்கிறது. குளிர் நீங்கும் பருவத்தில் அதனைச் சீப்பால் வாரி எடுக்கின்றனர். அதுவே 'பஷ்ம்', அதனால் நெய்வது 'பஷ்மினா'. பாரசீகத்தில் பஷ்ம் என்றால் கம்பளி உரோமம். இவ்விழையின் பருமன் 12 முதல் 16 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி இதனைவிடப் பல மடங்கு தடிமனானது.

இந்த உரோமம் ஸ்ரீநகருக்கு வந்ததும் பெண்களின் கைக்குப் போகிறது. அதிலுள்ள முரட்டு மயிரை நீக்கி, அரிசி மாவில் புரட்டிச் சுத்தம் செய்து, 'யிந்தர்' என்னும் இராட்டையில் நூற்பவர்கள் அவர்களே. வீட்டு வேலை முடிந்த பின், பிள்ளைகளை உறங்க வைத்த பின், சன்னலோரத்தில் அமர்ந்து நூற்பார்கள். விதவைகளும் ஆதரவற்றோரும் யாரிடமும் கையேந்தாமல் பிள்ளைகளை வளர்த்தது இந்த இராட்டையால். ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள 10 இழைகளைச் சேர்த்தால் ஒரு முடிச்சு. நெடுங்காலம் ஒரு முடிச்சுக்குக் கூலி ஒரு ரூபாய் என்றிருந்தது. அதனை உயர்த்தும் முயற்சிகள் பின்னரே நடந்தன.

இந்தக் கூலிக்கும் இயந்திரம் போட்டியாக வந்தது. பஷ்மினா இழை குட்டையானது, மெலிந்தது. இயந்திரத்தின் வேகத்தில் அறுந்துவிடும். அதனால் நைலான் இழையைக் கலந்து இயந்திரத்தில் நூற்று, நெய்த பிறகு அமிலத்தில் இட்டு நைலானைக் கரைத்து விடுகின்றனர். அமிலம் பட்ட துணியின் வலிமை குறைகிறது. ஆனால் கடையில் தொங்கும்போது யாருக்குத் தெரியும்? கைநூலால் நெய்த சால்வையும் இயந்திர நூலால் நெய்த சால்வையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இரண்டின் சீட்டிலும் 'அசல் பஷ்மினா' என்ற ஒரே வாசகம். ஒன்றின் விலை மற்றதில் பாதிக்கும் குறைவு. வாங்குபவர் எதனை எடுப்பார்? அறிவுள்ள எவரும் மலிவானதைத்தான் எடுப்பார். அவர்மீது குற்றமில்லை. வேறுபாட்டைச் சொல்லாத அட்டையின் குற்றம் அது. விற்காத சால்வைக்கு நூல் வேண்டாம். நூல் வேண்டாதபோது இராட்டை நின்றுவிடும். ஸ்ரீநகரின் சந்துகளில் எத்தனையோ இராட்டைகள் பரணுக்கு ஏறியது இவ்வாறே.

இதனைத் தடுக்கத்தான் 2008இல் 'காஷ்மீர் பஷ்மினா'வுக்குப் புவிசார் குறியீடு பெறப்பட்டது. இழையின் பருமன் 16 மைக்ரானுக்கு மேற்படலாகாது. கையால் நூற்றிருக்க வேண்டும். கைத்தறியில் நெய்திருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். ஸ்ரீநகரிலுள்ள கைவினை மேம்பாட்டு நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் சால்வையைச் சோதித்துத் தேறியதும், தனி எண்ணும் நுண்சில்லும் கொண்ட முத்திரைச் சீட்டு ஒன்றைத் துணியோடு பிரிக்க இயலாதபடி ஒட்டி விடுகின்றனர். இந்தியத் தர நிர்ணய அமைப்பும் பஷ்மினாவை அடையாளம் கண்டு குறிப்பதற்கான தரவரையறையை 2019இல் வெளியிட்டது. நெசவாளரை உறிஞ்சிய முத்திரை இருந்த அதே ஊரில், நூற்பவளுக்காகப் பேசும் முத்திரை வந்திருக்கிறது. ஆனால் அது எல்லாச் சால்வையிலும் இல்லை. சோதனைக்கு வராதவை ஏராளம்.

பெயரில் ஒளிந்திருக்கும் மோசடி

மலைவாசஸ்தலங்களிலும் சுற்றுலா ஊர்களிலும் சால்வைக் கடைக்காரர் மோதிரத்தைக் கழற்றி அதனுள்ளே சால்வையை நுழைத்து இழுத்துக் காட்டுவதை நீங்கள் கண்டிருக்கலாம். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். மெல்லிய பட்டும் விஸ்கோஸும் அதே மோதிரத்தில் அதே வழுவழுப்போடு நுழையும். அதனால் நிரூபணமாவது துணி மெல்லியது என்பது மட்டுமே.

பெயர்களின் கூத்து இன்னும் பெரிது. 'கேஷ்மிலான்' என்று ஒரு நூல் நம் கடைகளில் நெடுங்காலமாக விற்கிறது. காஷ்மீரின் சாயல் அதன் பெயரில் இருப்பதால் அதனைக் காஷ்மீரக் கம்பளி என்றே நம்பும் தாய்மார் உண்டு. உண்மையில் அது ஜப்பானிய நிறுவனமொன்று தன் அக்ரிலிக் இழைக்கு இட்ட வணிகப் பெயர். அக்ரிலிக் என்பது கல்லெண்ணெயிலிருந்து இரசாயன முறையில் செய்யும் இழை. அதில் தவறொன்றுமில்லை. மலிவானது, துவைக்க எளிது, கம்பளி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு ஏற்றது. ஏழைக் குடும்பங்களுக்கு அது ஒரு வரமே. தவறு அதனைக் கம்பளி என்று எழுதுவதில்தான் இருக்கிறது. 1990களின் இறுதியில் மேல்நாடுகளில் பஷ்மினா மோகம் பரவியபோது, விஸ்கோஸ் துண்டுகளெல்லாம் பஷ்மினா என்ற அட்டையோடு உலா வந்தன. அமெரிக்கச் சட்டம் பஷ்மினா என்பதனை ஓர் இழையின் பெயராகவே ஏற்பதில்லை. என்ன இழை என்று தனியே குறித்தாக வேண்டும் என்கிறது.

வீட்டிலேயே அறிய ஒரு வழியுண்டு. துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை எடுத்துத் தீயில் காட்டுங்கள். கம்பளியாயின் மயிர் கருகும் நாற்றம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக்காயின் உருகிக் கெட்டியான மணிபோல் திரண்டு நிற்கும். பட்டும் மயிரைப் போலவே கருகும் என்பதனையும், கலப்பு நூலில் இச்சோதனை குழப்பும் என்பதனையும் மனத்தில் கொள்க. சிறு பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் 'கஸ்' என்னும் துணியை விற்ற வணிகர். கஸ் என்பது பட்டும் கம்பளியும் கலந்து நெய்தது. குறையுள்ள துணியொன்றைப் பற்றி வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்குமாறு கூட்டாளியிடம் கொடுத்தனுப்ப, அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். யாருக்கு விற்றோம் என்பதும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த வரவு முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். கலப்புத் துணி விற்ற பெருமகனாரின் வழியில் வந்தவர்கள் நாம். 'பாதி கம்பளி, பாதி அக்ரிலிக்' என்று எழுத நமக்குக் கூச்சம் எதற்கு?

நம் சகோதரிகளின் சீட்டு

உதகை, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு முதலிய ஊர்களில் மட்டுமன்றிச் சமவெளியிலும் கம்பளி பின்னத் தெரிந்த நம் சகோதரிகள் பலர் இருக்கின்றனர். குல்லாய், மஃப்ளர், குழந்தைகளின் காலுறை என்று பின்னிக் கண்காட்சிகளிலும் சந்தைகளிலும் கடை போட விரும்புவோருக்காகச் சில விவரங்களைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் கணக்கு. பின்வருவன கணக்கு விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்ட தொகைகள். ஒரு குழந்தை ஸ்வெட்டருக்குக் கம்பளி நூல் 250 ரூபாய். பொத்தானும் பிறவும் 20 ரூபாய். கடை வாடகை, வண்டிச் செலவில் அதன் பங்கு 40 ரூபாய். ஆக 310. பக்கத்துக் கடையில் இயந்திரத்தில் பின்னிய அக்ரிலிக் ஸ்வெட்டர் 350 ரூபாய் என்று தொங்குகிறது. நம் சகோதரியும் 350 என்று எழுதிவிடுகிறார். 40 ரூபாய் இலாபம் என்று மகிழ்கிறார். பின்னியது 14 மணி நேரம்! மணிக்கு 3 ரூபாய்கூட விழவில்லை. ஸ்ரீநகர்ப் பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுத்தவர் ஒரு வணிகர். இங்கே தனக்குத்தானே அதனைச் செய்துகொள்கிறார். மணிக்கு 30 ரூபாய் என்று மிகக் குறைவாகப் போட்டாலும் உழைப்புக்கு 420; மொத்தம் 730. அதற்குக் கீழே எழுதுவது இலாபமன்று, தானம். தானம் செய்ய விரும்பினால் அது வேறு.

730 என்று எழுதினால் யார் வாங்குவார் என்பீர்கள். வெறும் 730 என்று எழுதினால் எவரும் வாங்கமாட்டார்தான். இப்படி எழுதிப் பாருங்கள்: 'கையால் பின்னியது. முழுவதும் கம்பளி. 4 வயதுப் பிள்ளைக்கு. விலை ரூ. 730. குளிர்ந்த நீரில் அலசவும். முறுக்கிப் பிழியாமல் தட்டையாக விரித்து நிழலில் உலர்த்தவும்.' விலைக்கு மேலே காரணம் நிற்கிறது; காரணத்தைப் படித்தவர் விலையைப் படிக்கும்போது திடுக்கிடமாட்டார். வாங்காமலும் போகலாம். ஆனால் அதிகம் என்று சொல்லிப் போகமாட்டார்.

அட்டை விஷயத்திற்கு வருவோம். திருமண அழைப்பிதழ்களின் பின்பக்கம் போன்ற தடித்த தாள் போதும். வீட்டில் அதற்குப் பஞ்சமிராது. ஆனால் பிஸ்மியும் இறைவசனமும் அச்சிட்ட பகுதியை வெட்டிப் பயன்படுத்தாதீர்கள். சீட்டு கடைசியில் குப்பைக்குத்தான் போகும். துளையிட்டுப் பருத்தி நூலால் கட்டுங்கள். பசை ஒட்டும் சீட்டைக் கம்பளியில் ஒட்டினால் பிசின் தங்கி இழையைப் பிடுங்கும். ஸ்டேப்ளர் பின் பின்னலில் சிக்கிக் கண்ணியை அறுக்கும். ஊக்கு குத்துவதாயின் பித்தளை ஊக்காக, தையல் விளிம்பில் குத்துங்கள். இரும்பு ஊக்கு பனியில் துருப்பிடித்து வெள்ளைக் கம்பளியில் கறை ஏற்றிவிடும். காலுறை, கையுறைகளை இணையாகக் கட்டிச் சீட்டை இணைக்கு ஒன்றாகப் போடுங்கள். மை பேனாவால் எழுதினால் மலைப் பனியில் கரைந்துவிடும். பந்துமுனைப் பேனா நல்லது. மாலை வெளிச்சத்தில் விற்கும் கடைகளில் இலக்கங்கள் விரற்கடை உயரமாவது இருக்கட்டும். முதியவர்கள் கண்ணாடியைத் தேடும் நேரத்தில் நகர்ந்து போய்விடுவார்கள்.

பழைய விலை என்று ஒரு பெருந்தொகையை எழுதிக் குறுக்குக்கோடு போட்டு, அடியில் சிறு தொகையை எழுதும் வழக்கம் இப்போது எங்கும் பரவிவிட்டது. அந்தப் பெருந்தொகைக்கு உண்மையாகவே ஒரு நாளாவது விற்றிருந்தால் எழுதலாம். இல்லையேல் அந்தக் கோட்டின் அடியில் இருப்பது பொய்யான இலக்கம். நஜ்ஷ், அதாவது வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை மயக்குவது, ஹதீஸில் தடுக்கப்பட்டிருக்கிறது. குறுக்குக்கோடு போட்ட போலி விலை ஆளில்லாமல் செய்யும் நஜ்ஷ் என்பது என் கருத்து. மார்க்க அறிஞர்கள் வேறு விதமாகக் கூறினால் கேட்டுக்கொள்வேன்.

பேரம் பேசுவதே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் ஜாபிர் (ரலி) அவர்களிடம் ஒட்டகத்தை விலை பேசி வாங்கியதும், மதீனாவுக்கு வந்ததும் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்ததும் நாம் அறிந்தவை. பேரம் ஆகுமானதே. சீட்டுப் போட்ட கடையிலும் இருவர் மனமொப்பிக் குறைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கு 600, வாய்பேச வராத கிராமத்துப் பெண்மணிக்கு 730 என்று ஆனால், வாய் சாமர்த்தியம் இல்லாத குற்றத்துக்கு அவரிடம் 130 ரூபாய் அபராதம் வாங்குவதாக ஆகும். ஒருவருக்குக் குறைத்தால் அன்றைய பொழுதில் அடுத்தவருக்கும் குறைத்துவிடுங்கள். முடியாதென்றால் எவருக்கும் வேண்டாம்.

நாலைந்து பேர் பின்னியதை ஒரே கடையில் வைப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். சீட்டைச் சற்று நீளமாக வெட்டி நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். மேற்பாதி வாங்குபவருக்கு. கீழ்ப்பாதியில் விலையையும் பின்னியவரின் பெயரையும் எழுதுங்கள். விற்றதும் கீழ்ப்பாதியைக் கிழித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுங்கள். இரவில் கடையைக் கட்டியபின் டப்பாவைக் கவிழ்த்துப் பெயர் பெயராகப் பிரித்து வைத்துக் கூட்டினால், யாருக்கு எவ்வளவு என்பது பேச்சில்லாமல் தெரிந்துவிடும். பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டு, சீட்டுகளை ஒரு நூலில் கோத்து அடுத்த ஆண்டுக் கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம்.